அறுபத்தொரு நாள்

நான்,
ஜோகி மகள் சுகுணா, வயது நாற்பத்தாறு,
கட்டபெட்டுக்குக் கீழே முக்கால் ஏக்கர் தேயிலை,
சத்தியம் செய்து சொல்வது என்னவென்றால்

அதுவரை அடித்துவிட்டார் பிரிட்டோ வக்கீல்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
"ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டணும்மா" என்றார்.
"மொத்தம் அறுபத்தொரு நாள்."

சம்மன் வந்த அன்று
தபால்காரர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
சித்தப்பா மகன் தர்மன் பிக்கப் வாங்கியபோது
ஜாமீனுக்குப் போட்ட அதே கையெழுத்து.
"சும்மா ஒரு பேருக்குத்தாங்க்கா" என்றவன்
வண்டியோடு திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி.

உறையைப் பிரிக்கவில்லை.
பிரிக்காதவரை அது காகிதம்தானே.
ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.
அதன்மேல் உப்பு டப்பா.

ஆடியில் பதினோரு நாள் விடாத மழை.
உரசினால் தீக்குச்சியில் மருந்து வழுக்கியது,
கல்யாணச் செருப்பில் பச்சையாய்ப் பூஞ்சை.
பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால்
பசை விட்டு
தானாகவே வாய் திறந்து கிடக்கிறது உறை.
இந்த மலையில் ஈரம்
எதையும் மூடி வைக்க விடுவதில்லை.

படித்தேன்.
என்னை வரச்சொன்ன தேதி
எனக்கு முன்பே வந்து போயிருந்தது.
கடைசி பஸ்ஸின் சிவப்பு விளக்கு
வளைவில் மறைவதைப் பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.
அப்படி எத்தனை நாள் நின்றாய்
என்பதுதான் இப்போது கேள்வி.

"பயந்துட்டேன்னு எழுதுங்க சார்."
"பயத்துக்குச் சட்டத்துல இடமில்லை.
மஞ்சள் காமாலைன்னு போடுறேன்.
எல்லாரும் அதான் போடுவாங்க."

அப்படித்தான்
எனக்கு மஞ்சள் காமாலை வந்தது,
மூன்று பிரதியில், முத்திரை ஒட்டி.
வெளியே வந்து டீக்கடைக் கண்ணாடியில்
கண்ணை இழுத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த எதிர்தரப்பு வக்கீல்
அதிகம் பேசவில்லை.
ஃபேக்டரியின் இலைப் புத்தக நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

ஆகஸ்ட் மூன்று, முப்பத்திரண்டு கிலோ.
நான்கு, இருபத்தெட்டு. ஈரத்துக்குத் தள்ளுபடி மூன்று.
ஐந்து, முப்பத்தொன்று. தள்ளுபடி நான்கு.
ஆறாம் தேதி இல்லை, அன்று ஊரில் சாவு.
ஏழு, நாற்பது.

என் அறுபத்தொரு நாளும்
என் பெயருக்கு நேரே
ஒன்றுவிடாமல் இருந்தன.
நான் கணக்குச் சொல்ல முடியாத நாள்களுக்கு
இலை கணக்குச் சொல்லிவிட்டது.

நீதிபதி நிமிர்ந்தார், என் மகள் வயதுதான் இருக்கும்.
"காமாலையோட நாற்பது கிலோ பறிச்சீங்களா?"
பிரிட்டோ வக்கீல் இருமினார்.
நான் என் விரல்களைப் பார்த்தேன்,
சோப்புக்குப் போகாத கறுப்பு.
"காமாலை இல்லீங்க. பயம்.
கவரைப் பார்த்தா கால் தோட்டத்துக்கு ஓடிடும்."

ஃபேன் இல்லாத அந்த அறையில்
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

கடனில் தள்ளுபடி கேட்டேன், இல்லை என்றது கம்பெனி.
மனுவைத் தள்ளுபடி செய்யக் கேட்டது கம்பெனி,
இல்லை என்றார் நீதிபதி.
பொய்க்கு ஐந்நூறு ரூபாய் செலவுத்தொகை.
பாதிப் பணத்தை முப்பது நாளில் கட்டினால்
தாமதம் மன்னிக்கப்படும்.

பாதி என்றால் தொண்ணூற்றிரண்டாயிரம்.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில்
டிக்கெட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்.
கிலோ பதினாறு ரூபாய்.
ஐயாயிரத்து எழுநூற்று ஐம்பது கிலோ,

ஈரத்துக்குக் கழிப்பதைச் சேர்க்காமல்.